உன்னிப் புதரில் ஒரு பெட்டைக் குரல்

"உதட்டைக் குவிக்காத. நாக்கை மேல ஒட்டி எடு. கொக்... கொக்கொக்."

"சோறு வடிக்கிற நேரத்துல இது என்னாங்க பாடம்?"

"சும்மா ஒரு தடவை சொல்லு, தில்ஷாத்."

சொன்னாள். முனீர் அகமது கையிலிருந்த டீயைச் சிந்திக்கொண்டு சிரித்தான்.

"காட்டுப்பெட்டையே தோத்துடும் போ. நீ கூப்பிட்டா சேவல் என்னா, நானே வந்துருவேன்."

"வராம எங்க போயிருவீங்க?"

"ஆனா ஒண்ணு. பதில் கிட்ட வந்ததும் வாயை மூடிக்கணும். பெட்டைச் சத்தம் நின்னாத்தான் சேவலுக்கு இருப்புக் கொள்ளாது. தேடிக்கிட்டு நேரா வந்து நிக்கும்."

அந்தப் பேச்சை நினைத்தபடிதான் தில்ஷாத் இப்போது அவனுடைய சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். விடிந்ததும் அண்ணன் ஷௌகத் அலி ஊத்தங்கரையிலிருந்து வந்து அவளை அழைத்துப் போகிறார். கெலமங்கலம் ரோட்டில், வரிசையில் கடைசியாக இருந்த இந்த வாடகை வீட்டை விட்டுவிட்டால் முனீர் இருந்த இடம் என்று சொல்ல அவளுக்கு எதுவும் மிஞ்சாது. ஏதாவது ஒரு மூலையில் அவன் இன்னும் இருக்கிறான் என்று ஒரு வருடமாக நம்பிவந்தாள். இன்றோடு அந்த நம்பிக்கையையும் காலி செய்தாக வேண்டும்.

மக்ரிப் பாங்கு முடிந்து இருட்டிக்கொண்டு வந்தது. கரண்ட் போயிருந்தது. பால்காரி கெம்பம்மா பால் செம்போடு பின்வாசலில் நின்றாள்.

"ஊருக்குப் போயிட்டா நம்மள மறந்துடுவே, அல்லவா?"

"உன் தண்ணிப் பாலை எப்படிக்கா மறக்கறது?"

கெம்பம்மா சிரித்தாள். சிரிப்பு அடங்கிய இடத்தில் அது கேட்டது.

கொக்... கொக்கொக்.

"யார் வீட்டுக் கோழியோ, இன்னும் அடைக்கலை போல," என்று சொல்லிவிட்டு அவள் செம்பை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

தில்ஷாத் அப்படியே நின்றாள். வீட்டுக்கோழி அப்படிக் கூப்பிடாது. ராத்திரியும் பகலும் லாரி ஓடுகிற இந்தப் பக்கம் காட்டுக்கோழி எட்டிப் பார்ப்பதே இல்லை. வந்தாலும் பொழுது சாய்ந்தபின் மரத்தில் ஒடுங்கிவிடுமே தவிர வாய் திறக்காது. இதையெல்லாம் அவளுக்குச் சொன்னவன் முனீர். அந்தக் கூப்பாட்டின் முடிவில் மெலிதாகக் காற்றுக் கசிந்தது. உடைந்த முன்பல்லின் சந்தில் முனீருக்கு அப்படித்தான் கசியும்.

போன ஐப்பசி. ராகி முற்றிய பருவத்தில், ஞாயிறுதோறும் அவனும் அவனோடு ஃபாக்டரியில் லேத் ஓட்டிய தங்கதுரையும் காட்டோரம் போவார்கள். முனீர் புதரில் பதுங்கிப் பெட்டையாகக் கூப்பிடுவான். துண்டை உதறி இறக்கைச் சத்தமும் செய்வான். துப்பாக்கி தங்கதுரையிடம் இருக்கும். சுட்ட பறவையை உயிர் போவதற்குள் பிஸ்மி சொல்லி அறுத்தாக வேண்டும். இல்லையென்றால் முனீருக்கு அது சாப்பாடு இல்லை. அதனால் சேவல் விழுந்ததும் கத்தியோடு ஓடுவான். அன்றும் ஓடினான். அடிபட்ட சேவல் தப்பிவிடாமல் இருக்க, குனிந்து, உன்னிப் புதருக்குள் நுழைந்து, கூப்பிட்டுக்கொண்டே ஓடினான். இன்னொரு கோழி என்று தங்கதுரை புதரைப் பார்த்துச் சுட்டுவிட்டான். ஈயச் சில்லுகள் முனீரின் தொண்டையில் பாய்ந்து, அங்கேயே உயிர் போய்விட்டது.

கல்யாணமான நாளிலிருந்தே அவனிடம் சொல்ல அவளுக்கு ஒரு வார்த்தை இருந்தது. அவன் துண்டைத் தோளில் போடும்போதெல்லாம் அது நாக்கு நுனிவரை வரும். அன்றும் வந்தது. "என்ன தங்கச்சி, பாயை முந்தானையில முடிஞ்சு வச்சுக்கப் போறியா?" என்று வாசலில் நின்ற தங்கதுரை கேலி பேசினான். வெட்கத்தில் விழுங்கிவிட்டாள்.

கொக்... கொக்கொக்.

சிம்னி விளக்கைத் தணித்துவிட்டுப் போய்ப் பின்கதவைச் சற்றே திறந்தாள். வெளியே ஈர மண்ணின் வாசனையும், கசக்கிய உன்னி இலையின் நெடியும், அதற்கும் அடியில் அன்று அவன் சட்டையோடு வீட்டுக்குள் வந்த கருகிய வெடிமருந்தின் வாசனையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடந்தன. வேலிக்கு அப்பால் புதர்கள் கரும்பாறைகளைப் போல அசையாமல் இருந்தன. அவள் மனம் வேண்டாம் வேண்டாம் என்றது. நாக்கு தானாகவே மேலண்ணத்தில் ஒட்டியது.

"கொக்... கொக்கொக்."

உடனே பதில் வந்தது, வேலியிலிருந்து.

அவள் கண்கள் நிரம்பின. இன்னொரு முறை கூப்பிட்டாள். துவைகல்லுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. அது தரையோடு தரையாக, ஈரமாக வந்தது. சளி கட்டிய நெஞ்சுக்குள் எதையோ புரட்டுவது போல ஒவ்வொரு கொக்கும் வழுக்கி வழுக்கி வெளியே விழுந்தது. பல்சந்தில் கசிகிற காற்று இல்லை அது. வேறெங்கோ ஓட்டை.

பயத்தில் கதவைச் சாத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெளியேயும் சத்தம் நின்றது.

அப்போதுதான் உறைத்தது, மௌனமாகியிருக்கக் கூடாது என்று. இனி அது தேடும். நேராக வரும்.

திரும்பக் கூப்பிட வாயைத் திறந்தாள். நாக்கு உலர்ந்துபோயிருந்தது.

படபடவென்று ஒரு துண்டு உதறப்பட்டது. கதவுக்கு மறுபக்கம்.

தாழ் போட்டிருக்கவில்லை.

கதவு திறந்தது.

அவன்தான். அதே சட்டை. தலைமுடியில் உன்னிப்பூ. காலில் சேறு. வலது கையில் கத்தி. தலை தொங்கியிருந்தது.

"என்னாங்க..." உதடு மட்டும் அசைந்தது. குரல் வரவில்லை.

அவன் தலையை நிமிர்த்தினான். மோவாய்க்குக் கீழே தொண்டை இல்லை. இருந்த இடத்தில் சிறிய சிவந்த துளைகள். ஒவ்வொன்றும் திறந்தது. மூடியது. திறந்தது. அவற்றின் வழியாகத்தான் அந்தப் பெட்டை கூப்பிட்டது. அவன் வாய் திறக்கவே இல்லை.

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்த்தான். விழுந்த பறவையில் உயிர் மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பவனைப் போல. கத்தியின் முனை சற்றே உயர்ந்தது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அசையவில்லை.

நெடுநேரம்.

கத்தி தாழ்ந்தது. தேடி வந்த பெட்டை இங்கே இல்லை. அவன் படியிறங்கினான். முதுகு இருட்டைப் பார்த்துத் திரும்பியது. இன்னும் கொஞ்சம் பேசாமல் இருந்தால் போதும். புதருக்குள் போய்விடுவான். கதவைச் சாத்திக்கொள்ளலாம். விடிந்துவிடும். அண்ணன் வந்துவிடுவார்.

முதுகு வேலியை நோக்கி நகர்ந்தது. தலை மட்டும் அதனோடு போகவில்லை. அது தோளுக்கு மேல் முழுதாகத் திரும்பி, ஒருக்களித்து, பறவை பார்ப்பது போல ஒற்றைக் கண்ணால் அவளையே பார்த்தது. வட்டமான கண். இமைக்கவில்லை. அந்தக் கண்ணின் ஓரத்தில் மட்டும், எந்த இருட்டிலும் அவளுக்கு அடையாளம் தெரிகிற முனீர் கொஞ்சம் மிச்சமிருந்தான்.

தில்ஷாத் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள்.

"போவாதீங்க," என்றாள்.