பெவினின் முதுகு

கேபிளில் கணினியோடு இணைத்திருந்த கேமரா அணைந்துதான் இருந்தது. லென்ஸுக்கு மூடியும் போட்டிருந்தது. அப்படியிருந்தும் கணினித் திரையில் அதன் வீடியோவின் நீளம் கூடிக்கொண்டே போனது.

ஜெனிலா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த டெஸ்க்டாப் அப்படித்தான், தேதியைக்கூட ஒழுங்காகக் காட்டாது. தூத்துக்குடி கடற்கரைச் சாலையில், கப்பல்களின் அடிப்பாகத்தை முக்குளித்துப் பார்த்துச் சொல்லும் ஒரு சின்னக் கம்பெனியின் அலுவலகம் அது. நல்ல லேப்டாப்பை முதலாளி தளவாய் அண்ணாச்சி சென்னைக்குக் கொண்டுபோய்விட, அவள் தலையில் கட்டியது இந்தக் கிழம். இன்று பகலில் கடலுக்குள் எடுத்த வீடியோவைக் கப்பல் புறப்படும் முன் கேப்டனுக்கு அனுப்பிவிட்டால் அவளும் கிளம்பலாம். முக்குளித்தவன் அவள் புருஷன் பெவின். அவன் கேமராவை மேஜைமேல் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு பிலோமி அக்காவிடம் விட்டிருந்த இரண்டு வயசுப் பாப்பாவைத் தூக்க, பைக்கில் ஊருக்கு, ஆலந்தலைக்குப் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

திரையின் மூலையில் மறுபடியும் அந்த அறிவிப்புக் கட்டம் முளைத்தது. ஹை-ஸ்பீட் போர்ட்டில் செருகினால் இந்தக் கருவி இன்னும் வேகமாக இயங்குமாம். இப்போது போகிற வேகத்தில் வீடியோ இறங்கி முடிவதற்குள் கப்பல் கொழும்பே போய்ச் சேர்ந்துவிடும் என்று தோன்றியது. கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் பாலகணேஷுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, முன்னாடி இருக்க போர்ட்லயா போட்டிருக்கீங்க? அது உப்புக்காத்துல என்னைக்கோ செத்துப்போச்சு."

"பின்னாடியும் போட்டுப் பாத்தாச்சு தம்பி. அங்கயும் இதே பாட்டத்தான் பாடுது."

"அப்ப பயாஸ் செட்டிங்ல ஹை-ஸ்பீட ஆஃப் பண்ணி வச்சிருப்பாங்க. ஆன் பண்ணிட்டா பறக்கும். நீங்களா கை வச்சிராதீங்க, நா வந்து பாக்கேன். அதுவரைக்கும் கேமராவுல இருந்தே ஓட்டிப் பாருங்க."

"நீ வாரதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சிரும்," என்று சொல்லிவிட்டு அவள் வீடியோவைத் திறந்தாள்.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. காய்ந்துகொண்டிருந்த டைவிங் சூட்டின் ரப்பர் வாடையும், துறைமுகத்திலிருந்து காற்றில் வரும் கரித்தூளும், ஜன்னல் கம்பியின் துருவும் கலந்து அறைக்குள் நின்றன. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் முனகியது. திரையில் பச்சைத் தண்ணீருக்குள் கப்பலின் அடிப்பாகம், கொட்டலசுச் சிப்பிகள் அப்பிய இரும்பு, மேலே போகும் காற்றுக்குமிழிகள், அவற்றுக்கு நடுவே பெவினின் முதுகும் சிலிண்டரும் மெல்ல அசையும் கால் துடுப்புகளும் விட்டு விட்டுத் தெரிந்தன. அவன் நீந்துவதைப் பார்க்க அவளுக்கு எப்போதும் பிடிக்கும். கரையில் இப்படி நிதானமாக ஒரு வேலை செய்வானா மனுஷன் என்று சிரித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

வழக்கமாக இரண்டு பேராகத்தான் இறங்குவார்கள். கேமரா ஒருவர் நெற்றியில் இருக்கும், மற்றவர் படத்தில் தெரிவார். கூட இறங்கும் மகாராஜனின் நெற்றிக் கேமரா எடுத்த பெவினின் முதுகை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். ஆனால் மகாராஜனுக்கு இன்று காய்ச்சல். வரவில்லை. பெவின் தனியாகத்தான் இறங்கினான், கேமரா அவன் நெற்றியில்தான் இருந்தது. படத்தில் அவன் லேசாகத் திரும்பியபோது நெற்றிப் பட்டையும் அதில் மாட்டிய கேமராவும் தெளிவாகத் தெரிந்தன.

அப்படியானால் இதை எடுத்தது யார்?

வேறு யாராவது இறங்கியிருப்பார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டு வீடியோவை முன்னே இழுத்தாள். படம் கொஞ்சம் தாவி, நின்று, மறுபடியும் தாவியது. பெவின் ஏணியில் ஏறினான். படமும் ஏறியது. குழாயடியில் குளித்தான். படம் அவனுக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில் நின்றது. அவன் அலுவலகத்துக்குள் நுழைந்து கேமராவைக் கழற்றி மூடி போட்டு மேஜைமேல் வைத்தான். வைத்த கேமராவும் படத்தில் தெரிந்தது. நாற்காலியில் அவள். அவன் ஏதோ கேலி பேச, அவள் பேனாவை ஓங்கிச் சிரிக்கிறாள்.

வாசல் நிலையருகே நின்று யாரோ அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பெவினை விட்டு, அவள் முகத்தை மட்டும். ரொம்ப நேரம்.

ஜெனிலா சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை.

மறுபடியும் இழுத்தாள். பைக். பெவினின் முதுகு, காற்றில் படபடக்கும் சட்டை, சிவந்த காதோரம். பின் சீட்டில் இருந்து. வழியிலிருக்கும் பழைய காயல் பாலம் கடந்து போனது. அதற்குமேல் படம் உறைந்து நின்றது. எவ்வளவு இழுத்தாலும் அசையவில்லை, நீளம் மட்டும் கூடிக்கொண்டே இருந்தது.

பெவினுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. பிலோமி அக்காவின் போன் அணைந்து கிடந்தது. மாதாவே, எம்பிள்ளை! பின் சீட்டில் போன அது இப்போது எங்கே இருக்கிறது? வழியிலா? வீட்டுக்குள்ளா? கேபிளைப் பிடுங்கி எறியக் கை போனது. பிடுங்கினால் அவளுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். அது போகிற இடத்துக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும்.

கடைசியைப் பார்த்தாக வேண்டும். வேகம் வேண்டும்.

கணினியை அணைத்து மறுபடி போட்டாள். டெலிட் பொத்தானை விடாமல் தட்டினாள். நீலத் திரை வந்தது. ஆங்கிலத்தில் வரிசை வரிசையாக என்னென்னவோ. அவசரத்தில் இரண்டு முறை தவறான இடத்துக்குப் போய்த் திரும்பினாள். யுஎஸ்பி. ஹை-ஸ்பீட். டிசேபிள் என்றிருந்ததை எனேபிள் ஆக்கினாள். சேமித்தாள். திரை கறுத்தது. கறுத்த கண்ணாடியில் அவள் முகம் மட்டும். நெற்றியெல்லாம் வேர்வை.

வா. சீக்கிரம் வா.

சொன்ன பிறகுதான் யாரைக் கூப்பிடுகிறோம் என்று புரிந்தது.

கணினி விழித்தது. கட்டம் முளைக்கவில்லை. வீடியோ கண்ணிமைக்கும் முன் திறந்தது. கடைசிவரை இழுத்தாள். தங்குதடையில்லாமல் போனது.

அவர்கள் வீட்டு அடுப்படி. பெவினின் முதுகு.

போனை எடுத்தாள். இந்த முறை எடுத்துவிட்டான். படத்திலும் அவன் கை போனைக் காதுக்குக் கொண்டுபோனது.

"சொல்லுளா. பாப்பாவுக்குப் பால் காய்ச்சுதேன்."

"பாப்பா எங்க?"

"இங்கன கீழதான் விளாடுதா. ஏன், இப்படி மூச்சு வாங்குது உனக்கு?"

"தூக்குங்க! அவளத் தூக்கிட்டு வெளிய ஓடுங்க. உங்க பின்னாடி…"

படத்தில் அவன் குனிந்து பாப்பாவைத் தூக்கினான். திரும்பினான். நேராகத் திரையைப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"அடப் பாவி," என்றது போன். "வாசல்ல நின்னுக்கிட்டா போன்ல பேசுத? எப்ப வந்த?"

"அது நா இல்ல! நா ஆபீஸ்ல இருக்கேன்! ஏங்க, அது நா இல்லங்க!"

"போன வையி. ஒரே தண்ணிச் சத்தமாக் கேக்கு. என்ன இப்படி நனைஞ்சு வந்திருக்க, மழையா அங்க? சரி, இவள ஒரு நிமிசம் பிடி. பால் பொங்குது."

"பெவின்!"

போனை அவன் அலமாரியில் வைத்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு பால் பொங்கி அடுப்பில் வழிந்து சுரீரென்றது. ஜெனிலா கத்திக்கொண்டே இருந்தாள்.

திரையில் பாப்பா சிரித்தாள். பெவினின் கையில் இருந்தபடி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். படத்தின் அடியில் இருந்து இரண்டு கைகள் எழுந்தன. வெளுத்திருந்தன. நாள் கணக்கில் தண்ணீரில் ஊறி, விரல் நுனியெல்லாம் சுருங்கியிருந்தன. பாப்பாவைப் பதமாக வாங்கிக்கொண்டன.

பெவின் அடுப்பைத் துடைக்கத் திரும்பினான்.

படம் வாசல் பக்கம் திரும்பியது. படி. மணல். தெருவிளக்குக்கு அந்தப் பக்கம், இருட்டில், அலை. பாப்பா ஆசையாகக் கையை நீட்டி அதைக் காட்டினாள். படம் அந்தப் பக்கமாக நடக்கத் தொடங்கியது.