மூடுபனியில் மின்னிய முதுகு

செல்போன் அலறியது.

அப்பாவின் எஸ்டேட் பங்களா வராந்தாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த கார்த்தி, திரையைப் பார்த்தான். காலைக் கீழே இறக்கினான்.

மாதேஷ்!

"டேய் நார்வேக்காரா! எப்படா வந்தே?" குரலில் சர்க்கரையைக் கொட்டினான்.

"முந்தாநேத்துங்க."

"தங்கச்சி விஷயம் கேள்விப்பட்டேன்டா. மனசே ஆறல..."

"எனக்கு ஊட்டுக்கு வந்தப்பறந்தானுங்க தெரியும். பரீட்சை கெட்டுப்போயிருமுன்னு எங்கப்பன் மறைச்சுப்போட்டாரு. வெண்ணிலா ஹாஸ்டல்ல இருக்கா, போன் ரிப்பேருன்னாரு. நானும் நம்பி, பனியில நின்னு போட்டோ எடுத்து அனுப்பிட்டு இருந்தனுங்க."

கார்த்தி பல்லைக் கடித்தான்.

அந்தப் போட்டோக்கள்! பனி மூடிய காலேஜ், சிவந்த மூக்கோடு இளிக்கும் மாதேஷ்... ஒவ்வொன்றும் கார்த்தியின் வயிற்றில் அமிலம் ஊற்றியவை. சேலத்து இன்ஜினியரிங் காலேஜில் நார்வேக்கு ஒரு செமஸ்டர் போக ஒரே ஒரு சீட். தனக்குத்தான் என்று ஊரெல்லாம் சொல்லி, குளிர்க்கோட்டுகூட வாங்கியாயிற்று. தட்டிக்கொண்டு போனவன், மஞ்சக்குட்டை கிராமத்து அங்கப்பன் மகன் இந்த மாதேஷ்!

'அந்த ஒரு செமஸ்டரை நீ முழுசா படிக்கக் கூடாதுடா...'

அதற்காகத்தான் நவம்பரில் ஒரு சாயங்காலம், மூடுபனியில் தனியாக நடந்து வந்த வெண்ணிலாவின் மேல் காரை ஏற்றினான். தங்கை செத்தால் அண்ணன் ஓடி வருவான். படிப்பு பாதியில் நிற்கும்.

வரவே இல்லை! பெற்ற மகளைப் புதைத்துவிட்டு, மகனிடம் வாயே திறக்கவில்லை அந்த அங்கப்பன்!

"ஏனுங்க, லைன்ல இருக்கீங்களா?"

"ம்... சொல்லு."

"அன்னிக்கு அவ எங்கூட வீடியோ கால் பேசிட்டேதானுங்க நடந்தா. திடீருன்னு கட்டாயிருச்சு. டவர் போச்சாட்ட இருக்குதுன்னு விட்டுட்டேன். எம் போன்ல ரெக்கார்டு ஆயிருக்குதுங்க. நேத்துத்தான் போட்டுப் பாத்தேன். காரு, நம்பரு... எல்லாந் தெரியுது!"

ஜனவரிக் குளிரில் கார்த்திக்கு வியர்த்தது.

"யா... யார் காருடா?"

"அதைப் போலீசு சொல்லட்டுமுங்க. சாயங்காலம் ஸ்டேஷனுக்கு நடந்தே போறேன். அவ உசிரு போன எடத்துல கொஞ்ச நேரம் நிக்கோணும். உங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லலாமுன்னு தோணுச்சுங்க."

இணைப்பு அறுந்தது.

"தம்பி, காப்பி..."

எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் பழனிசாமி டம்ளரோடு நின்றார். ஸ்வெட்டரில் வட்டமாய் ஒரு பிளாஸ்டிக் வில்லை தொங்கியது.

"என்ன ரைட்டரே, மெடலா?"

"மாதேசு கண்ணு நார்வேயில இருந்து கொண்டாந்ததுங்க. அங்க மத்தியானம் மூணு மணிக்கே இருட்டிக்குமாம். சனமெல்லாம் இதை மாட்டிட்டுத்தான் ரோட்டுல நடக்குமாமுங்க. கார் லைட் பட்டா நொம்பப் பளபளங்குது! ஊருக்கே குடுத்திருக்குது. எங்கூட்டு நாய்க்குக்கூட ஒண்ணு!"

"அவன் மாட்டலியா?"

"கோட்டு முதுகுலயே மாட்டிட்டுத் திரியுதுங்க."

கார்த்தி சிரித்தான். மூடுபனியில் ஆளைத் தேடி அலைய வேண்டாம். குறியை அவனே முதுகில் குத்திக்கொண்டு வருகிறான்!

*

சாயங்காலம்.

மூடுபனி மலையை விழுங்கியிருந்தது. காப்பிச் செடியும் தெரியவில்லை, சில்வர் ஓக் மரமும் தெரியவில்லை. கார்த்தி முதல் கியரில் ஊர்ந்தான். வளைவு திரும்பியதும்...

பளிச்!

சாலை ஓரத்தில், ஆள் உயரத்தில், ஒரு வெள்ளிப் புள்ளி. அதற்குக் கீழே கறுப்புக் கோட்டு. அசையாமல் நின்றது முதுகு.

வெண்ணிலா விழுந்த அதே இடம்!

ஆக்ஸிலரேட்டரில் ஏறி நின்றான்.

டமார்!

கோட்டு பறந்தது. பிரேக். கார்த்தி குதித்து இறங்கினான். நாக்கு சும்மா இருக்கவில்லை.

"போடா! உன் தங்கச்சியை அனுப்பின எடத்துக்கே உன்னையும் அனுப்பிட்டேன்! என் சீட்டுலயாடா போய் உக்கார்றே?"

ரெக்கார்டு இருந்த அவன் போனை எடுக்கக் குனிந்து கோட்டைப் புரட்டினான்.

உள்ளே சாக்கு! சாக்குக்குள் காப்பித் தோல்! முறிந்த மூங்கில்!

"ஐயோ..."

நிமிர்ந்தான்.

அவனுடைய ஹெட்லைட் வெளிச்சத்தில், மூடுபனிக்குள், ஒரு வெள்ளிப் புள்ளி. பக்கத்தில் இன்னொன்று. நாலு... ஏழு... பனிக்குள்ளிருந்து மஞ்சக்குட்டையே நடந்து வந்தது! பழனிசாமியும் வந்தார். முன்னால் மாதேஷ். அவன் பக்கத்தில் சால்வை போர்த்திய ஒரு பெண்மணி.

"டேய் மாதேஷ்... அந்த வீடியோவைக் குடுத்துடு. எவ்வளவு வேணும்னாலும்..."

"வீடியோவே இல்லீங்க."

"என்னது?"

"அன்னிக்கு வெண்ணிலா எனக்கு போனே பண்ணல. ஆரு கொன்னதுன்னு ஒரு துப்பும் இல்ல. இந்தப் பக்கம் காரு வெச்சிருக்கிற நாலு பேருக்கும் ஒரே பொய்யைத்தானுங்க சொன்னேன்."

"நா... நாலு பேரா?"

"மூணு பேரு, 'நாங்களும் கூட வாரோம் சாமி'ன்னு வந்துட்டாங்க. இதா நிக்கறாங்க. நீங்க மட்டுந்தானுங்க பின்னால வந்தீங்க!"

கார்த்தி ஓடத் திரும்பினான். அந்தப் பக்கமும், காரின் பின்விளக்கில், புள்ளிகள் சிவப்பாய் மின்னின.

மாதேஷ் நெருங்கினான். கண்கள் சிவந்திருந்தன. குரலில் மட்டும் மரியாதை குறையவில்லை.

"கல்லைத் தூக்கித் தலையில போடத்தானுங்க கை துடிக்குது. போட்டா ஒரு நிமிசத்துல முடிஞ்சிரும். அது பத்தாது. தெனமும் கண்ணு முழிக்கறப்போ எந்தங்கச்சி மொகம் உங்களுக்குத் தெரியோணும். அதுக்கு நீங்க நொம்ப நாள் உசுரோட இருக்கோணும்!"

"எங்கப்பா யார்னு தெரியுமாடா? லாயர் வந்தா..."

"வரட்டுங்க தம்பி."

சால்வையை விலக்கினாள் அந்தப் பெண்மணி. காக்கி! இன்ஸ்பெக்டர் கனகா, விலங்கை எடுத்து அவன் மணிக்கட்டில் மாட்டினாள்.

"வெளியூர் போய்ப் படிக்கோணுமுன்னு அத்தனை ஆசையாமா? சேலம் ஜெயில்ல சீட் ரெடி. தங்கறது, சாப்பாடு எல்லாம் சர்க்கார் செலவு. ஒரே ஒரு செமஸ்டர்தான்... இருவது வருசம் ஓடும்!"