பிணம் முன்னிலை வகிக்கிறது!

'டப்!'

துப்பாக்கிச் சத்தம். அடுத்த நொடி ஓர் ஆணின் அலறல்!

வெள்ளிக்கிழமை, காலை மணி ஒன்பது. எதிரிலிருந்த உணவகத்தில் காபியை வாய்க்குக் கொண்டுபோன டிடெக்டிவ் வெர்னா ஸ்டோல்ஸ், கோப்பையை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.

சத்தம் வந்தது, கவர்னரின் பிரச்சார பஸ்ஸிலிருந்து!

உள்ளே...

கவர்னர் ராய்ஸ் ஹேக்பார்த் இருக்கையில் சாய்ந்திருந்தார். நெஞ்சில் ஓட்டை. கண்கள் திறந்திருந்தன.

மறுபடி கவர்னராகப் போட்டியிடுபவர்; மேடைக்கு மேடை பேச்சை மாற்றுபவர். வாக்குப்பதிவுக்கு இன்னும் நான்கே நாள்!

"சுட்டுட்டா மேடம்!" பிரச்சார மேலாளர் டீன் ப்ரூவிட் தலையில் அடித்துக்கொண்டான். "அந்த மார்லிஸ் ஆக்டன் சுட்டுட்டா!"

"நீங்க பார்த்தீங்களா?"

"பின் கதவு வழியா அவளோட பச்சைக் கோட்டு ஓடுச்சு! அவர் கையைப் பாருங்க!"

பார்த்தாள். கவர்னரின் விரல்களுக்கு நடுவே ஒரு பேட்ஜ். 'ஆக்டனுக்கே ஓட்டு!'

மார்லிஸ் ஆக்டன். எதிர்த்துப் போட்டியிடும் மாட்டு டாக்டர். கருத்துக்கணிப்பில் கவர்னரைவிட ஏழு பாயின்ட் முன்னால் இருந்தவள்.

இருந்தவள்தான்... பதினோரு மணிக்கே டிவி அலறியது. 'செத்த கவர்னர் நாலு பாயின்ட் முன்னிலை!'

வாக்குச்சீட்டு அச்சாகிவிட்டது. பெயரை எடுக்க முடியாது. பிணம் ஜெயித்தால் அதே கட்சியின் துணை கவர்னர் நாற்காலியில் உட்காருவார்.

வெர்னா மார்லிஸைத் தேடிப் போனாள். பண்ணை வாசலில் நூறு பேர். "கொலைகாரி!" "தூக்குல போடு!" யாரோ எறிந்த கல்லில் மார்லிஸின் வண்டிக் கண்ணாடி சிதறியது.

மார்லிஸ் கொட்டகைக்குள் இருந்தாள். வலது கை தோள்பட்டை வரை ஒரு பசுவுக்குள்! கன்று வெளியே வர மறுத்தது.

"காலையில ஒன்பது மணிக்கு எங்கே இருந்தீங்க?"

"இதே மாட்டுக்குள்ளே."

"சாட்சி?"

"மாடுதான். வேணும்னா விசாரிங்க." மார்லிஸின் குரல் உடைந்தது. "ஏழு பாயின்ட் முன்னால இருந்தேன் மேடம்... ஜெயிக்கப் போறவ எதுக்குச் சுடணும்? வெளியே என் பொண்ணு காதுல விழற மாதிரி கத்தறாங்க!"

"அழாதீங்க. இன்னும் உங்களை நான் கைது பண்ணலை."

"இன்னும்னா?"

வெர்னாவின் செல்போன் துடித்தது. கணவன் கர்ட்.

"வேலையா இருக்கேன், கர்ட்!"

"ஒரே நிமிஷம்மா. காலையில ஒரு கருத்துக்கணிப்பு போன் வந்துச்சு. வெறும் ரெக்கார்டிங். 'கவர்னர் மாரடைப்புல செத்தா ஓட்டுப் போடுவீங்களா, ஒன்னை அமுக்குங்க. சுட்டுக் கொல்லப்பட்டா போடுவீங்களா, ரெண்டை அமுக்குங்க'ன்னு! எவனோ கிறுக்கன்னு வச்சுட்டேன். இப்ப டிவியைப் பார்த்தா..."

வெர்னா நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள்.

"எத்தனை மணிக்கு?"

"பன்னிங்களுக்குத் தீனி போட்டுட்டு இருந்தேன். ஏழரை."

கொலை நடந்தது ஒன்பதுக்கு!

போனை வைத்ததும் மறுபடி ஒலித்தது. பிரேதப் பரிசோதனை டாக்டர் ஓடெல்.

"வெர்னா, உன் கொலைகாரன் சுத்த சோம்பேறி."

"புரியலை டாக்டர்."

"மூணு மணி நேரம் லேட்டா வந்திருக்கான். ஆறு மணிக்கே மாரடைப்புல போய்ச் சேர்ந்துட்டார். குண்டு பாய்ஞ்ச இடத்துல ரத்தம்கூட சரியா வரலை. பிணத்தைச் சுட்டிருக்கான்!"

*

கட்சி அலுவலகத்தில் டீன் ப்ரூவிட் கறுப்பு ரிப்பன்களை அளந்துகொண்டிருந்தான்.

"எந்த அகலம் சோகமா இருக்கும் மேடம்?"

"விலங்கு மாட்ட மணிக்கட்டு அகலம் போதும். கையை நீட்டுங்க."

ரிப்பன் கீழே விழுந்தது.

"பஸ்ல என்ன நடந்தது டீன்?"

அவன் நாற்காலியில் சரிந்தான்.

"பொரிச்ச பன்றிக்கறி சாண்ட்விச்... காலையிலேயே ரெண்டு. வேண்டாம் சார்னேன். மூணாவதைக் கடிச்சார். அப்படியே சாஞ்சுட்டார்."

"உடனே டாக்டரைக் கூப்பிடலையா?"

"கூப்பிட்டு? மூச்சே இல்லையே! அதனால கருத்துக்கணிப்பு ஆளுங்களைக் கூப்பிட்டேன்."

"கருத்துக்கணிப்பா?"

"மாரடைப்புன்னா நாலு பாயின்ட் ஏறும் மேடம். நாங்க ஏழு பின்னால. பத்தாது! சுட்டா... பதினொன்னு! எட்டு வருஷம் அவருக்காக ராப்பகலா உழைச்சிருக்கேன். மூணு பாயின்ட்ல விட மனசு வரலை."

"ரிசல்ட் வர்ற வரைக்கும் பிணத்துக்குப் பக்கத்துலேயே உட்கார்ந்திருந்தீங்க?"

"விவாத மேடைக்கு முன்னாடியும் அவர் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். எனக்கு வித்தியாசமே தெரியலை."

"ஒரு தப்பும் பண்ணாத பொம்பளைய ஊரே கல்லால அடிக்குது. அது தெரிஞ்சுதா?"

முதல் முறையாக டீன் தலை குனிந்தான்.

"அந்தக் கேள்வியைக் கணிப்புல சேர்க்கலை மேடம்..."

விலங்கு 'க்ளிக்'கென்று பூட்டிக்கொண்டது.

அன்று மாலையே வெர்னா டிவி கேமராக்கள் முன்னால் எல்லாவற்றையும் சொன்னாள். கொலை இல்லை. மாரடைப்பு. பிணத்தைச் சுட்டதும் பேட்ஜ் வைத்ததும் டீன். மார்லிஸ் நிரபராதி!

மார்லிஸின் வாசலில் கல்லெறிந்தவர்கள் மறுநாள் மன்னிப்புக் கேட்க வந்தார்கள். வைத்தியத்துக்கு மாடுகளையும் கூட்டிக்கொண்டு!

செவ்வாய்க்கிழமை வாக்குப்பதிவு. புதன்கிழமை காலை வெர்னா லாக்கப்புக்குப் போனாள்.

டீன் கம்பியைப் பிடித்துக்கொண்டு துள்ளினான். "யாரு மேடம்? யாரு ஜெயிச்சது?"

"உங்க கவர்னர். பன்னிரண்டு பாயின்ட் வித்தியாசம்."

"சொன்னேன்ல! கொலைன்னா..."

"கொலை இல்லைன்னு ஊருக்கே தெரியும் டீன்."

"அப்புறம் எப்படி?"

"எனக்கும் அதே சந்தேகம். ஓட்டுப் போட்டுட்டு வந்த ஒரு அம்மாவை நிறுத்திக் கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

வெர்னா தொப்பியை மாட்டிக்கொண்டாள்.

"'மனுஷன் இப்பதான் ஒரே நிலையில உறுதியா இருக்கார்'னாங்க!"