நாலரை மணி ஊசி

ட்ரிங்... ட்ரிங்...

இராமநாதபுரம் மாட்டாஸ்பத்திரியில் டெலிபோன் அலறியது.

கம்பவுண்டர் பொன்னுச்சாமி பாய்ந்து எடுத்தான்.

"எஸ்.ஐ. சதக் பேசுறேன். டெய்லர் கூத்தையா செத்துட்டான்!"

"அய்யய்யோ! எப்பிடி சார்?"

"டாக்டர் வீட்டுல பாக்கர் பாய் பென்சிலின் ஊசி போட்டாரு. அஞ்சு நிமிஷத்துல ஆள் காலி! மருந்துலதான் கோளாறுன்னு தோணுது. நீங்களும் மாட்டுக்குப் பென்சிலின் போடுறவருதானே? வந்து பாட்டிலைப் பார்த்துச் சொல்லுங்க."

"இந்தா வாரேன் சார்!"

போனை வைத்தான். கண்ணாடி முன்னால் நின்று தலை சீவினான். சாவு விழுந்த இடத்துக்குப் போகிறவன் எவனாவது இவ்வளவு அக்கறையாக வகிடு எடுப்பானா?

பொன்னுச்சாமி எடுத்தான்!

வயிற்றெரிச்சல் அப்படி.

பெண்டாட்டி முருகேஸ்வரி அழகி. அதுதான் அவனுக்கு வியாதி. வளையல்காரன் அவள் கையைப் பிடித்து வளையல் போட்டதற்கே பெட்டியைத் தெருவில் போட்டு உடைத்தவன். அப்பேர்ப்பட்டவன் நாலு நாளைக்கு முன்னால் என்ன பார்த்தான்?

டாக்டர் வீட்டு வாசல் பெஞ்சு. ஒரு நுனியில் கூத்தையா. மறு நுனியில் முருகேஸ்வரி!

கூத்தையா ஏதோ சொல்ல, அவள் சிரித்தாள். வீட்டில் அந்தச் சிரிப்பை அவன் பார்த்து எத்தனை மாசமாச்சு!

மறுநாளும் அதே நாலரை மணி. அதே பெஞ்சு.

"சாயங்காலம் எங்க போன?" என்று வீட்டில் கேட்டான்.

"கோயிலுக்கு..."

பொய்!

அவள் தலையில் இருந்த பூவைக் கவனித்தான். நெற்றிப் பொட்டைக் கவனித்தான். அவள் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்ததை மட்டும் கவனிக்கவில்லை.

கூத்தையா முதுகில் பிளவைக் கட்டி என்று ஊருக்கே தெரியும். அவன் ஊசிக்குப் போகிறான், சரி. இவள் எதற்குப் போகிறாள்? அவனுக்குத் துணைக்கா?

அன்றிரவு பொன்னுச்சாமிக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமை நெஞ்சுக்குழியில் உட்கார்ந்துகொண்டு இறங்க விடவில்லை.

இன்று மத்தியானம் சட்டைக்கு அளவு கொடுக்கிற சாக்கில் டெய்லர் கடைக்குப் போனான். மேசை மேல் சாயங்கால ஊசிக்கு வாங்கி வைத்த பென்சிலின் பாட்டில். மாட்டுக்கும் மனுஷனுக்கும் அதே பாட்டில்தான். கூத்தையா துணி எடுக்கத் திரும்பினான். அந்த ஒரு நொடியில் பாட்டில் மாறியது.

புது பாட்டிலுக்குள் பென்சிலின் இல்லை. வெறிநாய்களுக்கு வைக்க ஆஸ்பத்திரி அலமாரியில் இருந்த வெள்ளைப் பவுடர்!

*

டாக்டர் வீட்டில் கூட்டம் இல்லை. எஸ்.ஐ. சதக் வாசலில் நின்றிருந்தார். உள்ளே பெஞ்சில் வெள்ளைத் துணி போர்த்திய உடம்பு. கால் கட்டை விரல் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

'இனிமே எவளைச் சிரிக்க வைப்ப?' பொன்னுச்சாமி மனசுக்குள் கேட்டான்.

கம்பவுண்டர் பாக்கர் ஒரு மூலையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"பாட்டில் காலி..." எஸ்.ஐ. அதை நீட்டினார். "ஆனா இவனுக்குப் பாதி மருந்துதான் போட்டிருக்கு. மீதிப் பாதி எங்க பாய்?"

"இன்னொரு ஆளுக்குப் போட்டுட்டேன் சார்."

"என்னது?"

"நம்ம ஊருல கிடைக்கிறது பெரிய பாட்டில். நாலு ரூவா. ஒரு ஆளுக்குப் பாதியே போதும். கலக்கிட்டா மிச்சத்தை வச்சிருக்க முடியாது, வீணாப் போயிரும். ஏழைபாழைங்க பாவம்... ரெண்டு ரெண்டு பேராச் சேர்த்து ஒரே நேரத்துக்கு வரச் சொல்லுவேன். ஆளுக்கு ரெண்டு ரூவா. கூத்தையா பாட்டில் வாங்கிட்டு வருவாரு, அந்தம்மா பாதிக் காசைக் குடுத்துரும்."

"எந்தம்மா?"

பாக்கர் பொன்னுச்சாமியைப் பார்த்தார்.

"உங்க வீட்டம்மாதான் தம்பி..."

பொன்னுச்சாமி ஓரடி முன்னால் வந்தான்.

"மு... முருகேஸ்வரியா? அவளுக்கு என்ன?"

"காலுல கருவேல முள்ளு ஏறிச் சீழ் வச்சிருச்சு. ஆம்பளைகிட்ட ஊசி போட்டுக்கிட்டேன்னு தெரிஞ்சா என் வீட்டுக்காரரு வெட்டிப் போட்டுருவாரு, சொல்லிராதீங்க பாய்னு அழுதுச்சு. நானும் வாயத் தொறக்கல."

"இன்னைக்குப் போட்டீங்களா?"

"போட்டுட்டேன்..."

"எங்க அவ?"

"உள் ரூம்ல கிடக்கு. டாக்டர் பார்த்துக்கிட்டிருக்காரு. கையி காலெல்லாம் இழுக்குது..."

பொன்னுச்சாமி உள் அறைக் கதவை நோக்கிப் பாய்ந்தான். எஸ்.ஐ. குறுக்கே கையை வைத்தார்.

"பொறுங்க. என்ன விஷம்னு தெரிஞ்சாத்தான் மாத்து மருந்து குடுக்க முடியுமாம். யாரைப் போய்க் கேக்குறது? மருந்துக் கடைக்காரனையா, இல்ல..."

"நாய் விஷம் சார்!" பொன்னுச்சாமி கத்தினான். "வெறிநாய்க்கு வைக்கிற விஷம்! உள்ள போய்ச் சொல்லுங்க! ஓடுங்க சார்!"

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான்தான் வச்சேன்! அவனுக்குத்தான் வச்சேன்! அவளுக்குன்னு எனக்குத் தெரியாது! என்னைத் தூக்குல போடுங்க... அவளைக் காப்பாத்துங்க சார்!"

தரையில் விழுந்து எஸ்.ஐ.யின் பூட்ஸ் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். நடிப்பில்லாத அழுகை. கல்யாணமான எட்டு வருஷத்தில் அவளுக்காக அவன் அழுதது அதுதான் முதல் தடவை.

"போதும்ப்பா, எந்திரி!"

சொன்னது எஸ்.ஐ. இல்லை.

பெஞ்சில் கிடந்த பிணம்!

கூத்தையா துணியை விலக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். "எம்புட்டு நேரம் மூச்சைப் பிடிக்கிறது? முதுகுல பிளவை வேற!"

உள் அறைக் கதவு திறந்தது. முருகேஸ்வரி காலைச் சாய்த்து நடந்து வந்தாள். முழுசாக, உயிரோடு!

பொன்னுச்சாமி கூத்தையாவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பென்சிலின்னா தண்ணி பட்டதும் கரைஞ்சிரும்," என்றார் பாக்கர். "இது சுண்ணாம்பு மாதிரி அடியில தங்கிருச்சு. ஊசியைக் கீழ வச்சுட்டு நேரா ஸ்டேஷனுக்கு ஓடிட்டேன். அல்லா காப்பாத்தினான்."

"இந்த ஊர்ல பென்சிலின் பாட்டிலைத் தொறந்து திருப்பி மூடத் தெரிஞ்சவங்க ரெண்டே பேரு," என்றார் எஸ்.ஐ. "ஒருத்தரு புகார் குடுக்க வந்துட்டாரு. மிச்சம் நீதான். ஆனா சாட்சி வேணுமே? அதான் உன் வாயாலயே வாங்கிட்டேன்!"

விலங்கு மாட்டினார்.

முருகேஸ்வரி புருஷன் முன்னால் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"ரெண்டு ரூவா மிச்சம் பிடிக்கத்தான் அந்த மனுசன் கூடப் பெஞ்சில உக்காந்தேன். ஏன் நொண்டுறேன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா காலைக் காட்டியிருப்பேனே... நீங்க கேக்கலையே!"

அவன் தலை குனிந்தான். எஸ்.ஐ. அவனை வாசலுக்கு நடத்திப் போனார். படியில் நின்று திரும்பினான்.

"முருகேசு... ஸ்டேஷனுக்குச் சோறு கொண்டாருவியா?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கொண்டாரேன். ஆனா இந்தக் காலை வச்சுக்கிட்டு அம்புட்டுத் தூரம் நடக்க முடியாது. கூத்தையாதான் சைக்கிள்ல கூட்டியாரேன்னு சொல்லியிருக்காரு..."

பொன்னுச்சாமியின் முகம் கறுத்தது.

"பின்னால... பின்னாலதானே உக்காருவ?"

"அவரு சைக்கிள்ல கேரியர் இல்லைங்க. முன்னால பார்லதான் உக்காரணும்!"