பின்பக்க ஓட்டை

கௌஸ் பாய் வாங்கிய படகைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிரிக்பீல்ட்ஸில் சேலைக்கடை வைத்திருப்பவருக்குப் பழைய உல்லாசப் படகு எதற்கு? ஆசை யாரை விட்டது! கிள்ளான் ஆற்றோரப் பட்டறையில் அதைக் கரையேற்றிக் கட்டைகளின் மேல் நிறுத்தியிருந்தார்கள்.

“மழை பெஞ்சா தண்ணி மேலேயே நிக்குது திருச்செல்வம். எறங்க மாட்டேங்குது. பார்த்து செஞ்சு குடுங்கலா,” என்றார்.

என்னோடு வேலை செய்பவன் விமலன், என் தங்கை நிலானியின் புருஷன். வாய் மூட மாட்டான், ஆனால் தங்கமான பிள்ளை. நிலானி வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். அந்தப் பூரிப்பில் அவன் பேச்சு இரண்டு மடங்காகியிருந்தது.

படகு வேலையில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மேல்தளத்தில் மழைத்தண்ணீர் இறங்க ஓட்டைகள் இருக்கும். அங்கிருந்து பைப் உள்ளே இறங்கி, படகின் பக்கவாட்டில் வெளியே திறக்கும். நான் மேலே நின்று தண்ணீர் ஊற்றுவேன். விமலன் கீழறையில் உட்கார்ந்து பைப்பைக் கவனிப்பான். “வருதா?” என்று கத்துவேன். “வருது மச்சான்!” என்பான்.

முன்பக்க ஓட்டைகளில் இலைக்குப்பையும் ஒரு குருவிக்கூடும் அடைத்திருந்தன. அவற்றை எடுத்துவிட்டு, நைந்துபோன பைப்புகளை மாற்றினோம். தண்ணீர் ஒழுங்காக ஓடியது. பின்பக்க ஓட்டை ஒன்றுதான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது.

அதில் அடைப்பே இல்லை. ஊற்றிய தண்ணீரை மடமடவென்று உள்ளே இழுத்தது. ஆனால் வெளியே ஒரு சொட்டு வரவில்லை. விமலன் பைப்பைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே காய்ந்து கிடந்தது. படகின் அடியிலும் ஈரமில்லை.

“அப்ப எங்கதான் போவுது மச்சான்?”

“உன் வாய்க்குள்ள போயிருக்கும். பைப்ப மாட்டிட்டு உள்ள உக்காரு, போ.”

மத்தியானம் வானம் கறுத்தது. ஆற்றுச் சேற்றின் வாடையும் டீசல் வாடையும் கலந்து குமட்டின. ஒரு வாளி ஊற்றினேன்.

“வருதா?”

“வரல. இன்னும்.”

குரல் கரகரத்தது. உள்ளே தூசி, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு வாளி ஊற்றினேன். அதுவும் போனது.

“வருதா?”

“இன்னும்.”

“மச்சான், யாரோட பேசுறீங்க?”

விமலன் வெளியே தரையில் நின்றிருந்தான். கையில் இரண்டு பொட்டலம் தே ஓ ஐஸ், பால் கலக்காத ஐஸ் தேநீர்.

என் கையிலிருந்து வாளி நழுவியது.

ஓட்டைக்குள் யாரோ வறண்ட தொண்டையால் எச்சில் விழுங்கினார்கள்.

விமலன் மேலே ஏறி வந்து, குனிந்து, ஓட்டையில் காதை வைத்தான். பயந்து ஓடுவான் என்று பார்த்தால், அவன் முகம் வாடியது.

“பாவம் மச்சான். தாகமா இருக்கு போல.”

தன் பொட்டலத்தைப் பிரித்து ஓட்டையில் கவிழ்த்தான். “குடிங்க அண்ணே,” என்றான் மெதுவாக.

கௌஸ் பாய்க்குப் போன் போட்டேன். நடந்ததைக் கேட்டதும் உண்மையைச் சொன்னார். “முன்ன இந்தப் போட்ல ஒரு சமையல்காரர் இருந்தாராம். பின்னாடி அறைக்குள்ள இருந்தப்ப கதவு சிக்கிக்கிச்சு. யாரும் பார்க்கல. தண்ணி தண்ணின்னே செத்துட்டாராம். நான் நம்பல, வாங்கிட்டேன். அந்த ஓட்டைய அடைச்சிடுங்க.”

“தாகத்தோட அடைக்கக் கூடாது மச்சான், வேணாம்,” என்று விமலன் கெஞ்சினான். நான் கேட்கவில்லை. மரக்கட்டையை அடித்து இறக்கி, மேலே பசை பூசி இறுக்கினேன். உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது.

மறுநாள் காலையிலிருந்து விமலன் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தான்.

ஜாடி ஜாடியாகக் குடித்தான். குழாயில் வாயை வைத்துக் குடித்தான். ஆனாலும் உதடு வெடித்தது, நாக்கு தடித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சர்க்கரை இல்லை, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்றார்கள். கையில் ஏற்றிய தண்ணீர்ப் பை பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலியானது. அவ்வளவு பேசியவன் ஒரே ஒரு சொல்லைத்தான் சொன்னான்.

“இன்னும்.”

நிலானி வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “அண்ணா, ஏதாச்சும் செய்ங்க.”

கொட்டும் மழையில் பட்டறைக்கு ஓடினேன். உளியால் கட்டையைப் பெயர்த்து எடுத்தேன். வாளி வாளியாக ஊற்றினேன். “குடிங்க அண்ணே, வேணுங்கறத குடிங்க. அவன விட்டுடுங்க. அவன்தானே உங்களுக்கு இரக்கப்பட்டான்,” என்று அழுதேன்.

கீழே சலசலவென்று சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தேன். படகின் பக்கவாட்டில், அந்தப் பைப்பிலிருந்து, முதல் முறையாகத் தண்ணீர் கொட்டியது. இத்தனை நாள் குடித்ததெல்லாம் திரும்பி வருவதுபோல் கொட்டியது. விட்டுவிட்டார்! நான் வாய்விட்டுச் சிரித்தேன். விமலன் பிழைத்துவிட்டான் என்றே நினைத்தேன்.

பிறகு தண்ணீர் நின்றது.

இன்னொரு வாளி ஊற்றினேன். மடமடவென்று உள்ளே போனது. வெளியே ஒரு சொட்டு இல்லை.

சட்டைப்பையில் போன் அடித்தது. நிலானி. எடுக்கத் தைரியம் வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கதோஷத்தில் ஓட்டைக்குள் குனிந்து கேட்டேன்.

“வருதா?”

“வரல மச்சான்.”

தூசி இல்லை, கரகரப்பு இல்லை. விமலனின் குரலேதான்.

“இன்னும் கொஞ்சம் ஊத்துங்க.”

போன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் வாளியை எடுத்தேன்.