இரண்டாவது ஊசி

“மறுபடியுமா? இப்பதானே போட்டுட்டுப் போனே.”

கணவர் சலித்துக்கொண்டே சட்டையை வயிற்றுக்கு மேல் சுருட்டினார். அவள் மூடி கழற்றாத ஊசியோடு கட்டிலருகே நின்றாள். விடியலிலிருந்து பேக்கரி அடுப்பில் வெந்துவிட்டு இப்போதுதான் வெளிப்பூட்டைத் திறந்து உள்ளே வந்திருந்தாள். மாவு படிந்த ஏப்ரனைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை.

அவருக்கு இதயத்தில் வால்வு மாற்றியிருந்தார்கள். புது வால்வில் ரத்தம் உறைந்துவிடக் கூடாது என்று, மாத்திரை வேலை செய்ய ஆரம்பிக்கும்வரை காலையும் மாலையும் வயிற்றில் ஒரு ஊசி. வார்டு நர்ஸ் அவள் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தாள். தொப்புளை விட்டுத் தள்ளிப் போட வேண்டும், ஒரு வேளை இடப்பக்கம், மறுவேளை வலப்பக்கம். தோலை மடித்துப் பிடித்து நேராகக் குத்த வேண்டும், போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் போடவே கூடாது, போன் செய்து கேட்க வேண்டும். இப்போதெல்லாம் தூக்கத்தில்கூட அவள் விரல்கள் போர்வையை மடித்துப் பிடித்துக்கொண்டிருந்தன. தூக்கம் என்று சொல்லுமளவுக்கு அவள் தூங்கியும் வெகுநாளாகியிருந்தது.

மனுஷன் கனவு கண்டிருப்பார் என்று தேற்றிக்கொண்டு குனிந்தாள். பழைய ஊசிகளின் கன்றல்கள் பச்சையும் மஞ்சளுமாக வயிற்றில் பரவிக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே, அவள் ஒருநாளும் குத்தாத இடத்தில், தொப்புளை ஒட்டி ஒரு சிவப்புப் புள்ளி. அதிலிருந்து நூல் மாதிரி ரத்தம் இறங்கி வேட்டிக் கரையை நனைத்துக்கொண்டிருந்தது.

“உன் கை இன்னிக்கு ஏன் அவ்ளோ சில்லுன்னு இருந்துச்சு?”

அவள் தன் கைகளைப் பார்த்தாள். அடுப்புச் சூடு இன்னும் போகவில்லை.

ஜன்னலில் மாலை வெளிச்சம் அழுக்குத் தண்ணீர் போல மங்கிக்கொண்டு வந்தது. சமையலறையில் ஃபிரிட்ஜ் முனகி முனகி நின்றது. அது நின்ற பிறகுதான், தோலைத் துடைக்கும் ஸ்பிரிட் பாட்டிலை இன்னும் திறக்கவே திறக்காத அந்த அறையில் அதன் வாசனை குப்பென்று அடிப்பது அவளுக்கு உறைத்தது. போட்டு முடித்த ஊசிகளைச் சேர்க்கும் டப்பாவைத் திறந்தாள். மேலாகக் கிடந்த ஊசியின் முனை ஈரமாக இருந்தது.

கையிலிருந்த ஊசியை மேஜைமேல் வைத்துவிட்டு நர்ஸுக்குப் போன் செய்தாள். சந்தேகமாக இருக்கிறது, ஒரு ஊசி கூடுதலாக விழுந்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது என்றாள். மறுமுனையில் நர்ஸ் குரலை உயர்த்தினாள்.

“அம்மா, நீங்க இப்பதானே கூப்பிட்டீங்க? ரெண்டாவது ஊசி போடலாமான்னு கேட்டீங்க. கூடவே கூடாதுன்னு அவ்ளோ தூரம் சொன்னேன். போட்டுட்டீங்களா?”

“நான் கூப்பிடல, சிஸ்டர்.”

“உங்க குரல்தாம்மா. ரொம்பக் களைச்சுப்போன மாதிரி இருந்துச்சு.”

நர்ஸ் மேலே எதையும் விசாரிக்கவில்லை. ஈறில், மூக்கில் ரத்தம் வருகிறதா பார்க்கச் சொன்னாள், அவரை அசையாமல் படுக்கவைக்கச் சொன்னாள், ஆம்புலன்ஸை உடனே அனுப்புவதாகச் சொன்னாள். அவள் கணவரின் உதட்டை விலக்கிப் பார்த்தாள். பல்லிடுக்கெல்லாம் சிவந்திருந்தது. அவர் குழந்தை மாதிரி வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார்.

வருகிறவர்கள் தட்டிக்கொண்டு நிற்க வேண்டாமே என்று வாசல் கதவைத் திறந்து வைக்கப் போனாள். கால் இரண்டும் ஈரமாவு மூட்டையாகக் கனத்தன. தாழ்ப்பாளை இழுத்தாள்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. யாரோ உட்கார்ந்த சத்தம்.

“மூச்சை மெதுவா இழுங்க. அவ்ளோதான், முடிஞ்சுது.”

அவளுடைய குரல். அவளுடைய களைப்பு.

திரும்பி நடந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு. அறை வாசல் வரை.

கட்டில் ஓரத்தில் ஒருத்தி. முதுகு மட்டும் தெரிந்தது. மாவு படிந்த ஏப்ரன். அவிழ்ந்து சரிந்த கொண்டை. அவரது வயிற்றுத் தோலை நிதானமாக மடித்துப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. விரிப்பெங்கும் மூடி கழற்றிய ஊசிகள். எல்லாம் காலி.

தெருமுனையில் சைரன் கேட்டது.

கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. அவர் தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தார். கண்ணில் அவளைத் தெரிந்த அடையாளமே இல்லை.

“யாரது, அங்க நிக்கிறது?”

“யாருமில்லீங்க,” என்றாள் கட்டிலில் இருந்தவள், திரும்பாமலே. “கண்ணை மூடிக்கிட்டுத் தூங்குங்க.”

அவர் சொன்னபடி கண்ணை மூடினார். மூக்கிலிருந்து மெல்ல இறங்கிய ரத்தம் கன்னத்தைக் கடந்து காதுமடலில் தேங்கியது. அந்த வெளுத்த விரல்கள் புதிதாக ஒரு மடிப்பைத் தேடி அவர் நெஞ்சுப் பக்கமாக ஊர்ந்தன.