பிரெவ்னி ராச்சியத்து அழுகைக்காரி

கடல்கடந்து வந்த ஊரான அஜின்கோர்ட்டில், ஒரு வீட்டின் நிலக்கீழ் பேஸ்மென்ற்றுக்கு நானும் என் கணவர் அகஸ்ரினும் குடிவந்தது 2009 ஏப்ரலில். வீட்டுக்காரர் ஓ ரோர்க் மேலே தனியாக இருந்தார், ஐரிஷ் கிழவர். சாவியைத் தரும்போதே சுவரில் தொங்கிய பழைய வரைபடத்தைக் காட்டத் தொடங்கிவிட்டார். பிரெவ்னி என்ற ராச்சியம், அவருடைய முன்னோர் ஆண்டது. அது விழுந்து நானூறு வருஷமாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் தம்பி பஸ்ரியன் முள்ளிவாய்க்காலில். இருக்கிறானா இல்லையா என்றே தெரியாது. இந்த மனுசன் என்றோ செத்த ராசாக்களுக்குக் கவலைப்படுகிறார்!

"எங்கள் வம்சத்தில் உயிர் போனால் ஒரு பெண் அழுவாள்," என்றார். "ராச்சியம் விழுந்தபோது செத்தவர்களுக்கு அழ ஆள் மிஞ்சவில்லை. அன்றைக்குத் தொடங்கியவள். நான்தான் கடைசி. எனக்கு அழுதால் அவள் வேலை முடிந்தது."

மே மாதம் முழுக்க ரெலிபோனும் நானும்தான். காணாமல்போனவர்களைத் தேடும் எந்த அலுவலகத்துக்கு எடுத்தாலும் பாட்டுப் போட்டுக் காக்க வைத்தார்கள். சண்டை முடிந்தது என்று செய்தி வந்தது. கோயிலில் பழக்கமான கிளடிஸ் அன்ரி வந்து, செத்த வீட்டில் பெண்கள் செய்வதுபோல என் தோளைக் கட்டிப்பிடித்து அழ ஆயத்தமானார். தள்ளிவிட்டேன்.

"விடுங்கோ அன்ரி! அவன் செத்தவன் எண்டு ஆர் சொன்னது?"

"ஆத்தும இளைப்பாற்றிப் பூசைக்காவது பேர் குடுப்பம், பிள்ளை."

"அவனை நானே சாக்காட்டவோ? போங்கோ!"

அடுத்த நாள் மத்தியானம், உடுப்புத் தோய்க்கும் அறையில் ஈரமண் மணத்தது. பிறகு ஒரு பெண்ணின் அழுகை. நீண்டு, தாழ்ந்து, மூச்சு வாங்கி, மறுபடியும்.

மேலே ஓடினேன். கிழவர் கதிரையில் விறைத்துக் கிடந்தார்.

கடவுள் மன்னிக்கட்டும், எனக்கு ஆறுதலாக இருந்தது. அவருக்குத்தான் அழுதிருக்கிறாள். பஸ்ரியனுக்கு இல்லை.

அவரை அடக்கம் செய்து மூன்றாம் நாள் மத்தியானம். தனியாக இருந்து தம்பியின் நம்பரை அழுத்திக்கொண்டிருந்தேன்.

ஈரமண் மணம் வந்தது.

"இஞ்ச ஒருத்தரும் சாகேல்லை!" என்று கத்தினேன். "உன்ர ஆக்கள் முடிஞ்சுது. போடி!"

அழுகை படியிறங்கியது.

என் முதுகுக்குப் பின்னால் நின்றது.

இரண்டு குளிர்ந்த கைகள் என் தோளைக் கட்டிப்பிடித்தன. தள்ளினேன். தள்ளுப்படவில்லை.

வேலையால் வந்த அகஸ்ரின் என்னைத் திருப்பிப் பார்த்தார்.

"மக்டலீன், உன்ர சட்டையில என்ன, மண்ணே?"

இரண்டு கைகளின் அடையாளம்.

பஸ்ரியனுக்கு நான் இன்னும் அழவில்லை. அவன் பெயரைப் பூசைக்குக் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன்.

அவள் ஒவ்வொரு மத்தியானமும் வருகிறாள்.